கண்ணாயிரத்தின் இடது கன்னம்

ஜமுனாமரத்தூரில் காலை பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கடிகாரத்தை நம்பவில்லை. கண்ணாயிரத்தின் விசிலைத்தான் நம்பினார்கள். குட்டையாக இரண்டு என்றால் வண்டி கிளம்புகிறது, நீளமாக ஒன்று என்றால் நிற்கிறது. எல்லாக் கண்டக்டர்களும் ஊதுவதுதான். ஆனால் கண்ணாயிரம் ஊதினால் இரண்டாவது ஊதலின் கடைசியில் ஒரு சின்னச் சுழிப்பு இருக்கும், கன்றுக்குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல. அந்தச் சுழிப்பைக் கேட்ட பிறகு ஓடினாலும் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று ஊரில் ஒரு கணக்கு இருந்தது. ஓடி வருகிறவரைப் பார்த்தால் அவன் சுழிப்பை இன்னும் கொஞ்சம் இழுப்பான் என்பதும் ஊருக்குத் தெரியும்.

அவன் மலைமேல் நெல்லிவாசல்நாட்டுக்காரன். சாமை விதைக்கிற குடும்பம். பதினோரு வயதில் அப்பாவோடு புளி மூட்டை தூக்கிக்கொண்டு ஆலங்காயம் வரை நடந்து வந்தபோதுதான் முதல் பஸ்ஸைப் பார்த்தான். மற்றப் பையன்களெல்லாம் ட்ரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் கண் மட்டும் பின்படிக்கட்டில் போயிற்று. அங்கே தொங்கிக்கொண்டிருந்த மெலிந்த ஆள் வாயில் ஏதோ வைத்து ஊதினான். அத்தனை பெரிய வண்டி அசைந்தது. மறுபடி ஊதினான், நின்றுவிட்டது. கையால் தொடாமல் ஒன்றை ஓட வைக்க முடியும் என்பதை அவன் அன்றைக்குப் பார்த்துக்கொண்டான். எட்டாவது முடித்து, கொஞ்ச நாள் காட்டில் மரம் வெட்டுகிற கூப்பில் வேலை பார்த்து, இருபத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்து, வாணியம்பாடி தனியார் பஸ் ஒன்றில் மலை லைனுக்கு வந்து சேர்ந்தான். மலையிலிருந்து கண்டக்டரான முதல் ஆள் அவன்தான் என்று அவன் மனைவி ராணியம்மாள் சொல்லிக்கொள்வாள். அவன் சொல்லிக்கொண்டதில்லை.

மலை லைனில் விசில் அழகுக்கு இல்லை. பாதி மலையில் முட்டுக்கல் வளைவு என்று ஒன்று இருந்தது. அங்கே பஸ் ஒரே வீச்சில் திரும்பாது. மூக்கைப் பாறைச் சுவரோடு வைத்துவிட்டு, பள்ளத்தின் பக்கம் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போக வேண்டும். பின்னால் வரும்போது ட்ரைவர் ஜப்பாருக்குப் பள்ளம் தெரியாது. கண்ணாயிரம் இறங்கிப்போய் விளிம்புக்கல் பக்கத்தில் நின்று சிறிது சிறிதாக ஊதுவான். வா, வா, வா. பிறகு ஒரு நீளம். ஜப்பாரின் கால் அந்த நீளத்தின் பாதியிலேயே பிரேக்கை மிதித்திருக்கும். பத்து வருஷமாக அப்படித்தான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதம். ஈரக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில் ஆலங்காயத்தில் வண்டியை நிறுத்தி இருவரும் டீ குடித்தார்கள். கண்ணாயிரம் குடித்த டீ இடது ஓரமாக வழிந்து சட்டையில் இறங்கியது. ஜப்பார் விழுந்து விழுந்து சிரித்தார். கம்பெனி மானேஜர் முனிசாமிக்கு வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு பேசுகிற பழக்கம். அவரைத்தான் இவன் செய்து காட்டுகிறான் என்று நினைத்துவிட்டார்.

"போதும் கண்ணு, அவுரு காதுல வுழுந்தா வம்பு," என்றார்.

கண்ணாயிரம் ஒன்றும் செய்து காட்டவில்லை. பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் போய்ப் பார்த்தான். சிரிக்க முயன்றான். பாதி முகம் சிரித்தது. பாதி முகம் யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் சும்மா இருந்தது. கண்ணை மூடினான். வலது கண் மூடியது. இடது கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவசரமாக விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினான். புஸ் என்று உதட்டோரம் காற்றுப் போயிற்று. விசிலுக்குள் இருந்த குண்டு அசையக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் மலையேறும்போது வண்டி முழுக்க வைத்தியர்களாக இருந்தார்கள். ஆமணக்கு இலையை வாட்டி ஒத்தடம் கொடு என்றார் ஒருவர். இது காற்று அறைந்தது, எதிர்க்காற்றில் நின்று திரும்ப அறை வாங்கினால் நேராகிவிடும் என்றார் இன்னொருவர். வாரம் தவறாமல் புளி விற்கப் போகும் பெரியம்மாள், கடைசி சீட்டின் ஜன்னலோரம் அவளுக்கு என்றே எழுதி வைத்த மாதிரி, அங்கிருந்தபடி அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"கண்ணாயிரம்னு பேரு வச்சிக்கினு ஒரு கண்ண மூட முடியலியாடா ஒனக்கு," என்றாள். பஸ்ஸே சிரித்தது. கண்ணாயிரமும் பாதி சிரித்தான்.

முட்டுக்கல் வளைவில் யாரும் சிரிக்கவில்லை. விளிம்பில் நின்று கையைக் கையை ஆட்டினான், ஜப்பாருக்குத் தெரியவில்லை. கத்தினான், 'ப'வும் 'ம'வும் உதட்டில் நிற்காமல் கசிந்தன. ஜப்பார் தலையை வெளியே நீட்டி, இஞ்ச் இஞ்சாக ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் போய், வேர்த்து விறுவிறுத்து வண்டியைத் திருப்பினார். ஊர் சேர அரைமணி தாமதம்.

வீட்டில் ராணியம்மாள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வாயில் வைத்த சோறு இடது கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் விரலை விட்டு எடுத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினாள், பிறகு அழுகை வந்தது, அதையும் அடக்கினாள். நாளைக்கே ஆஸ்பத்திரி போகாவிட்டால் தானே டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று மட்டும் சொன்னாள்.

ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் டாக்டர் பஷீரா இருந்தார். வாணியம்பாடிப் பெண். மாதம் இரண்டு தடவை மலைக்கு முகாம் போடக் கண்ணாயிரத்தின் பஸ்ஸில்தான் போவார். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கண்டக்டர் என்பார். நெற்றியைச் சுருக்கச் சொன்னார். பாதிதான் சுருங்கியது. கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டு, பக்கவாதம் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். பக்கவாதமாக இருந்தால் நெற்றி சுருங்குமாம். தன் நெற்றி சுருங்காததற்கு ஒருவர் சந்தோஷப்படுவதைக் கண்ணாயிரம் அன்றுதான் பார்த்தான்.

முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது என்று அவர் சொன்னதும் அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக் கையை நீட்டினான்.

"அப்ப நரம்பு ஊசி போட்டுடுங்க டாக்டரம்மா. எனக்கு நரம்பு நல்லா பெருசு. தேடவே வேணாம்."

பச்சைப் பச்சையாகப் புடைத்திருந்ததை அவர் பார்த்தார். "இது ரத்தக் குழாய், கண்டக்டர். நரம்பு இல்ல."

"எங்க மலையில இதத்தான் நரம்புன்னுவோம்."

"மலையில மட்டுமா? எங்க வூட்லயும் அப்படித்தான். நானே காலேஜுக்குப் போனப்புறந்தான் தெரிஞ்சிக்கிட்டேன்."

நிஜமான நரம்பு வெள்ளையாக, நூல்போல, வெளியே தெரியாமல் உள்ளே ஓடும் என்றார். அதில் ரத்தம் ஓடாது. அப்படியானால் எதுதான் ஓடும் என்று கேட்டான். சேதி ஓடும் என்றார். உதட்டைக் குவி என்று மூளை ஒரு சேதி அனுப்புகிறது. அது நரம்பு வழியாகக் கன்னத்துக்கு வந்தால்தான் தசை இழுக்கும். மூளைக்கும் ஒன்றுமில்லை, கன்னத்துக்கும் ஒன்றுமில்லை. காதுக்குப் பின்னால் அந்த நரம்பு எலும்பில் ஒரு சின்ன ஓட்டை வழியாக வருகிறது. அங்கே வீங்கி, ஓட்டையே அதை நெரிக்கிறது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜப்பார், அதாவது ட்ரைவர் நன்றாக இருக்கிறான், விசில்தான் கேட்கவில்லை என்று தனக்குத் தானே விளக்கிக்கொண்டார். டாக்டர் திரும்பி, அதேதான் பாய், நீங்கள்தான் தசை என்றார்.

"நானு தசையா?" ஜப்பாருக்குப் பொறுக்கவில்லை. "அப்ப மூளை இவனா?"

கண்ணாயிரம் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தான். சேதி என்றால் கரண்ட் கம்பியில் வருவது மாதிரியா? கொஞ்சம் அப்படி, ஆனால் கம்பி இல்லை என்றார் டாக்டர். நரம்பின் சுவரில் நெடுகக் குட்டிக் குட்டிக் கதவுகள். ஓர் இடத்தில் கதவு திறந்தால் வெளியே இருக்கும் உப்பு உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல் பக்கத்துக் கதவைத் திறக்கும். அது அதற்கடுத்ததை. திறந்த கதவு மூடி மூச்சு வாங்கிக்கொள்ளும். அதற்குள் சேதி தாண்டிப் போயிருக்கும். இமைக்கிற நேரத்தில் இத்தனையும் நடந்துவிடும் என்றார். சந்தை நாளில் படிக்கட்டில் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஏறுவதை நினைத்துக்கொண்டு அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்று மட்டும் உதைத்தது.

"போகப் போகத் தேஞ்சிடாதா? என் விசிலே கடைசி சீட்டு ஆளுக்குக் காதப் பொளக்குது, முன் சீட்டுக்குப் பாதிதான் போவுது."

"தேயாது. ஒவ்வொரு எடத்துலயும் அது புதுசாப் பொறக்குது."

கண்ணாயிரம் தலையாட்டினான். சில்லறை இல்லை என்று சொல்கிற பயணியிடம் தலையாட்டுவானே, அந்த ஆட்டல். புரியவில்லை.

ஆனால் அடுத்துச் சொன்னது உடனே புரிந்தது. நரம்பு தசையைத் தொடுவதில்லை, நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கிறது, சேதி கரைக்கு வந்ததும் அங்கே ஒரு சாறு கசிந்து அந்தப் பக்கம் போய்ச் சேரும், அப்போதுதான் தசை இழுக்கும் என்றார். தினமும் ஒரு வளைவில் அவன் வண்டியை நிறுத்தாமலே தபால் பையை வீசுவான், போஸ்ட்மாஸ்டர் பிடித்துக்கொள்வார். பஸ் தபாலாபீஸுக்குள் போவதில்லை, பை போகிறது. அதுதானே என்று கேட்டான். டாக்டர் ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதுவேதான் என்றார்.

இடது காதில் ஜப்பாரின் ஹாரன் இடிபோல் விழுவதும், நாக்கின் இடது பாதியில் புளிப்பு இல்லாததும், கண் காய்ந்து எரிவதும் எல்லாம் ஒரே நோவுதானாம். அந்த ஒரு நரம்பில் கன்னத்துக்கு, கண்ணீருக்கு, எச்சிலுக்கு, நாக்குக்கு, காதின் சத்தத்தைத் தணிக்கிற ஒரு தசைக்கு என்று ஐந்து ஊர் ஜனம் ஏறி வருகிறது. ஒரு பஸ் நின்றால் ஐந்து ஊரும் காத்திருக்கும்.

எழுந்து போகும்போது அவன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, இங்கேயும் இப்படி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டான். அந்த லைன் வேறு என்றார் டாக்டர். இதயம் யாருடைய விசிலுக்கும் காத்திராமல் தானே அடித்துக்கொள்ளும். மூளையிலிருந்து அதற்கு இரண்டு வழிதான். ஒன்று வேகமாகப் போ என்னும், மற்றது மெல்லப் போ என்னும். வயிறு, குடல் எல்லாம் இப்படித்தான், நம்மைக் கேட்காமலே, நாம் தூங்கினாலும் ஓடுகிற சர்வீஸ்.

"ஆக்சிலேட்டரும் பிரேக்கும்," என்றார் ஜப்பார், தசையிலிருந்து பதவி உயர்ந்த மகிழ்ச்சியில்.

பத்து நாள் மாத்திரை. கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூசிக்குக் கறுப்புக் கண்ணாடி. தினம் கன்னத்தைத் தடவிவிட வேண்டும். மூன்று வாரத்தில் வரலாம், மூன்று மாதமும் ஆகலாம் என்று சொல்லி அனுப்பினார்.

முனிசாமி அவ்வளவு பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை. கெட்டவரும் இல்லை. முட்டுக்கல் வளைவில் பத்து வருஷத்தில் ஒரு கீறல்கூட விழாததற்குக் காரணம் தன் கட்டுப்பாடுதான் என்று நம்புகிறவர். அரைமணி தாமதம் கண்ணாயிரத்துக்கு முன்னாலேயே மலையிறங்கி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. விசில் இல்லாமல் மலை லைன் கிடையாது, கண்ணாயிரம் வாணியம்பாடி ஷெட்டில் உட்கார்ந்து டிக்கெட் கட்டு அடுக்கட்டும், வேறு ஆளை அனுப்பலாம் என்றார். கண்ணாயிரத்துக்கு முழு முகமும் செத்துப்போன மாதிரி ஆயிற்று. ஷெட்டில் யாருக்கு விசில் ஊதுவது? புதிதாக வருகிற கீழ்நாட்டுக்காரன் ஓடி வருகிறவர்களுக்காகச் சுழிப்பை இழுப்பானா?

ஜப்பார்தான் வாதாடினார். டாக்டர் மூன்று மாதம் சொல்லியிருக்கிறார், அதுவரை ஒரு மணி கட்டிக்கொள்கிறோம் என்றார். முனிசாமி வாயைக் கோணிக்கொண்டு யோசித்தார். அந்த அறையில் இரண்டு பேரும் ஒரே மாதிரி கோணியிருந்ததை ஜப்பார் பிறகு ஆறு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"தைப்பூசம் வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கு என் முன்னாடி ஊதணும். ஊதலன்னா லைன் மாத்திடுவேன்," என்றார் முனிசாமி.

நூல் கயிறு ஒன்றை வாங்கிப் பின்ஜன்னலிலிருந்து கூரையோரமாக வளையம் வளையமாகக் கோத்துக் கொண்டுபோனார்கள். ட்ரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் ஓர் ஓட்டை போட்டு அதன் வழியாக உள்ளே விட்டு, நுனியில் ஒரு மாட்டு மணியைக் கட்டினார்கள். டாக்டரிடம் கேட்டதையெல்லாம் கண்ணாயிரம் வழியெல்லாம் சொல்லியிருந்ததால் கயிற்றுக்கு இரண்டே நாளில் பெயர் வந்துவிட்டது. "யப்பா, அந்த நரம்ப இழு, எறங்கணும்" என்றார்கள். நரம்பில் துண்டைத் தொங்கப் போடாதே என்று ஒருவரையொருவர் கண்டித்தார்கள். பெரியம்மாள் தன் கையில் புடைத்திருந்ததைக் காட்டி, அப்போது இது என்ன என்று கேட்டாள். ரத்தக் குழாய் என்றான். போடா, இத்தனை வருஷம் என்னோடு இருந்தது, இப்போதா வந்து பேரை மாற்றுகிறாய் என்றாள்.

கறுப்புக் கண்ணாடியோடு அவன் படிக்கட்டில் நின்று வருவதைப் பார்த்துச் சினிமாக்காரர் வருகிறார் என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் தன்னைப் பார்த்துக்கொள்கிற நேரம்தான் பிடிக்கவில்லை. மாத்திரை தீர்ந்தது. மூன்று வாரம் போயிற்று. கன்னம் அசையவில்லை.

கார்த்திகையில் ஒரு சந்தை நாள். நரம்பு மணி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க முனிசாமியே வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நாள் முழுக்க மழை. வண்டியில் எள் போட இடமில்லை. முட்டுக்கல் வளைவில் கண்ணாயிரம் இறங்கி, பின்ஜன்னல் வழியாகக் கயிற்று நுனியைக் கையில் வாங்கிக்கொண்டு விளிம்புக்கல்லுக்குப் போனான். சின்னச் சின்னதாக இழுத்தான். மணி அடிக்க, வண்டி வந்தது. வா, வா. நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நீள இழுப்பு இழுத்தான். கயிறு வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். எங்கேயோ கவ்விக்கொண்டிருந்தது. வண்டி வந்துகொண்டிருந்தது.

வாயில் வந்தது ஒரே சொல். உதட்டை ஒட்ட வைக்க வேண்டாத சொல்.

"ஓல்டான்!"

நிறுத்து என்பதற்குப் பஸ்ஸில் வழங்குகிற அந்தச் சொல் மழையிலும் இன்ஜின் சத்தத்திலும் ஓர் ஆள் தூரம்தான் போயிற்று. அந்த ஓர் ஆள் தூரத்தில் ஜன்னலோரம் பெரியம்மாள் இருந்தாள். அவள் முன்னால் இருந்தவனின் தலையில் ஒரு தட்டுத் தட்டி ஓல்டான் என்றாள். அவன் திரும்பாமலே தனக்கு முன்னால் ஓல்டான் என்றான். கூடைக்காரி, பீடிக்காரர், பிள்ளையை மடியில் வைத்திருந்தவள், ஒவ்வொருவராக ஓல்டான், ஓல்டான் என்று அது கூட்டத்துக்குள் ஓடி முனிசாமியின் வாயிலும் ஏறி இறங்கி ஜப்பாரின் காலைத் தொட்டது. வண்டி நின்றது. பின்சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு கை அளவுதான் இருந்தது.

கண்ணாயிரம் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, ஒரு முழம் முன்னால் எடுக்கச் சொல் என்று பெரியம்மாளிடம் சொன்னான். அதுவும் வாய் வாயாகப் போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஜப்பார் மழையில் இறங்கி வந்து பஸ்ஸுக்கு அடியில் குனிந்து தேடினார்.

"இன்னா பாய் தேடுறீங்க?"

"மொறம் வுழுந்துட்ச்சின்னாங்களே. யாருதுபா மொறம்?"

பெரியம்மாள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் முழு பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. முனிசாமி சிரிக்கவில்லை. இறங்கும்போது கண்ணாயிரத்தின் பக்கத்தில் நின்று, "தைப்பூசம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியை ஊரில் நிறுத்திய பிறகு கயிற்றைப் பார்த்தார்கள். பலகை ஓட்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. கூரையோரம் ஒழுகிய மழையில் ஊறிப் பருத்து, ஓட்டையே அதைக் கவ்வியிருந்தது. கண்ணாயிரம் மெல்ல உருவி எடுத்துத் தடவினான். நெரிந்த இடம் சப்பையாக இருந்தது. ஆனால் அறுந்திருக்கவில்லை. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டான். டாக்டரம்மா சொன்னபோது ஆறுதலாக இருந்தது. இப்போது நம்பிக்கையாக இருந்தது. கயிற்றை அடுப்புக்கு மேல் காயப் போட்டார்கள்.

ஒவ்வோர் இடத்திலும் புதிதாகப் பிறக்கிறது என்று டாக்டர் சொன்னதற்குப் புரியாமல் தலையாட்டியிருந்தானே, அதுவும் அன்றைக்குத்தான் புரிந்தது. தன் குரல் பெரியம்மாளைத் தாண்டவே இல்லை. அவள் குரல் அடுத்தவனைத் தாண்டவில்லை. ஆனாலும் ஜப்பாரை வந்து சேர்ந்தபோது அது கடைசி சீட்டில் இருந்த அதே அளவு இருந்தது, ஏனென்றால் ஒவ்வொருவரும் தங்கள் முழுத் தொண்டையையும் போட்டார்கள். தேய்வதற்கு அங்கே எதுவுமே பயணம் போகவில்லை. அடுத்த முகாமுக்கு டாக்டர் பஷீரா வந்தபோது டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு இதைச் சொன்னான். முறத்தையும் சொன்னான். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அதனாலதான் கண்டக்டர், நரம்புக்கு ஒரே சொல்லு. முழம், முறம் எல்லாம் வச்சிக்காது. அவசரம்னா அதே சொல்ல வேகவேகமாச் சொல்லும். அவ்ளோதான்."

மார்கழியில் ஒரு காலை. ராணியம்மாள் வைத்த புளிக்குழம்பைக் களியில் தொட்டு வாயில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். நாக்கின் இடது பக்கம் புளித்தது. அந்த ஊர் ஜனம் இறங்கிவிட்டது என்றான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவன் மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஒரு வாரம் கழித்து ஜப்பாரின் ஹாரன் பழையபடி வெறும் ஹாரனாகக் கேட்டது. அதற்குப் பிறகு கன்னத்தில், தண்ணீருக்கு அடியில் மீன் திரும்பினாற்போல், ஒரு சின்னத் துடிப்பு.

அன்றிலிருந்து அடுப்புச் சாம்பல்தான் அவனுக்குப் பள்ளிக்கூடம். உதட்டைக் குவித்து ஊதுவான். முதலில் சாம்பல் அசையவில்லை. பிறகு ஒரு விரல்கடை நகர்ந்தது. பொங்கலன்று ராணியம்மாளின் முகத்தில் போய் விழுந்தது. அவள் திட்டவில்லை. துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தவள், கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"இன்னா, கண்ணடிக்கிற?"

அவன் கண்ணடிக்கவில்லை. மறுபடி ஊதச் சொன்னாள். உதடு குவிந்த அதே கணத்தில் இடது கண் இறுக மூடித் திறந்தது. குவிந்த ஒவ்வொரு தடவையும் கண் சிமிட்டியது. மூன்று மாதமாக மூடு மூடு என்று கெஞ்சியும் மூடாத கண், இப்போது கேட்காமலே மூடுகிறது.

டாக்டரிடம் ஓடினான். நெரிபட்டதில் சில இழைகள் பட்டுப்போயிருந்தன, அவை புதிதாக வளர்ந்து வரும்போது சில வழி மாறி ஏறிவிட்டன என்றார். உதட்டுக்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போயிருக்கிறது. உதட்டைக் குவி என்று மூளை சொன்னால் கண்ணும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறது. சரியாகுமா என்று கேட்டான். கொஞ்சம் குறையலாம், முழுக்கப் போகாமலும் இருக்கலாம், ஆனால் கெடுதல் ஒன்றுமில்லை என்றார். சில பேருக்குக் கண்ணீர்ச் சுரப்பிக்கு வழி மாறிப் போய், சாப்பிட உட்கார்ந்தால் அழுகை வரும்; உங்களுக்குக் கண் அடிப்பதோடு போயிற்று என்றார்.

கண்ணாயிரத்துக்கு அது போகவில்லை. முனிசாமியின் கட்டுப்பாட்டில் கண்ணடிக்கிற கண்டக்டருக்கு இடம் உண்டா? பெண்கள் பாதி வண்டி. யாராவது ஒருத்தி தப்பாக நினைத்தால்? தைப்பூசத்துக்கு முந்தின நாள் அவன் கறுப்புக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து வைத்தான். மறுநாள் காலை அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வெறும் முகத்தோடு போனான்.

வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில், புறப்படுகிற நேரத்தில், முனிசாமி படிக்கட்டுக்கு நேர் எதிரே வந்து நின்றார். பயணிகள் எல்லா ஜன்னலிலும் தலையை நீட்டியிருந்தார்கள். ஜப்பார் இன்ஜினை நிறுத்திவிட்டார். கண்ணாயிரம் விசிலை வாயில் வைத்தான். உதடு பிடித்தது. கன்னம் நின்றது. ஊதினான்.

குட்டையாக இரண்டு. இரண்டாவதின் கடைசியில் சுழிப்பு இல்லை, ஆனால் சத்தம் சத்தம்தான். டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். இரண்டு ஊதலுக்கும் இரண்டு தடவை மானேஜரைப் பார்த்துக் கண்ணடித்தான்.

முனிசாமி சட்டென்று தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பினார். காலிக் கூடையோடு பெரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னப் பாக்காத சாமி. ஒன்னத்தான் அடிக்கிறான்," என்றாள்.

முனிசாமி மறுபடி ஊதச் சொன்னார். நீளமாக ஒன்று ஊதினான். நீளமாக ஒரு கண். கண்ணாயிரம் விசிலை எடுத்துவிட்டு, நரம்பு வழி மாறி வளர்ந்துவிட்டது, தான் வேண்டுமென்று செய்யவில்லை, டாக்டரம்மாவிடம் சீட்டு எழுதி வாங்கி வருகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னான். 'ப'வும் 'ம'வும் அதனதன் இடத்தில் நின்றன. ஜப்பார் ட்ரைவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, எனக்குக் காதுதான் வேண்டும், அவன் கண் எங்கே போனால் எனக்கென்ன என்றார்.

முனிசாமி வாயைக் கோணிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். சிரிப்பை அடக்குகிறபோதும் அவர் வாய் அப்படித்தான் கோணும் என்பது அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"விசில் வந்திட்ச்சி. கண்ணு கம்பெனி சமாச்சாரம் இல்ல," என்றார். "நேரமாவுது, எடு."

ஜப்பார் இன்ஜினைக் கிளப்பினார். பெரியம்மாள் ஏறி உட்காரும் வரை கண்ணாயிரம் பொறுத்தான். பிறகு படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு ஊதினான், இரண்டு. வண்டி அசைந்தது.